‘முடியாது’ என்றவரின் பக்கம்

போன பருவத்தில் எங்கள் புராஜெக்ட் குழு நாலு பேரும் சேர்ந்து ஒரு மனிதரை ஒரு வாரம் திட்டித் தீர்த்தோம். அவர் எந்த நாட்டுக்காரர், வயசு என்ன, என்ன உத்தியோகம் பார்க்கிறார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவர் எழுதி இலவசமாக ஊருக்கு விட்ட மென்பொருள் ஒன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. அது மட்டும் நன்றாகத் தெரியும்! அவர் செய்த குற்றம், நாங்கள் கேட்ட ஒன்றுக்கு ‘முடியாது’ என்று மூன்று வரியில் பதில் போட்டதுதான்.

திட்டியது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் தப்பு என்று சொல்லத்தான் மலர்க்குழு அண்ணன்களிடம் கெஞ்சி இந்தப் பக்கங்களை வாங்கினேன். சிவில், மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் நண்பர்களும் படிக்க வேண்டும் என்று ஆசை. அதனால் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் துறைக்காரர்கள் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளவும்.

இன்றைக்கு எந்த மென்பொருளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருவரே எழுதுவதில்லை. தேதியை ஒழுங்காகக் காட்ட ஒரு துண்டு, பில்லை அச்சுக்கு அனுப்ப ஒரு துண்டு, பார்கோடு போட ஒரு துண்டு என்று யாரோ எழுதி வைத்ததை எடுத்துக் கோர்க்கிறோம். அந்தத் துண்டுகளுக்குப் பேக்கேஜ் என்று பெயர். எழுதியவர் மூல நிரலைத் திறந்தே வைத்திருப்பார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், மறுபடி விநியோகிக்கலாம். இதுதான் ஓப்பன் சோர்ஸ். இந்தத் துண்டுகளை வைத்திருக்கும் இடத்துக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். பெயர்தான் பதிவேடு, உண்மையில் அது பதிவேடும் குடோனும் சேர்ந்த ஒன்று. பைதான் மொழிக்குப் பைபிஐ இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2010 முதல் என்பிஎம் இருக்கிறது. 2024 மார்ச்சில் டெனோ என்ற நிறுவனம் ஜேஎஸ்ஆர் என்று இன்னொரு குடோனைத் திறந்தது. ஆக, ஒரே சரக்குக்கு ரெண்டு குடோன்.

எங்கள் புராஜெக்ட், ஒரு நெசவாளர் சங்கத்துக்குப் பெட்ஷீட் இருப்புக் கணக்கு. எந்த டிசைன், என்ன கலர், எத்தனை உருப்படி, எந்த அலமாரி என்று பார்த்து லேபிள் அடித்துக் கொடுக்க வேண்டும். டெனோவில் செய்தால் புதுசாக இருக்கும் என்று ஒரு சீனியர் சொன்னார், செய்தோம். லேபிள் அடிக்க நல்ல பேக்கேஜ் ஒன்று கண்ணில் பட்டது. ஆனால் அது என்பிஎம்மில் மட்டும்தான் இருந்தது. உடனே அதை எழுதியவருக்குக் கடிதம் எழுதினோம். ‘தயவுசெய்து இதை ஜேஎஸ்ஆரிலும் போடவும். அஞ்சு நிமிட வேலைதான்’ என்று. அந்தக் கடைசி வாக்கியம் என் கைங்கரியம். மறைப்பானேன்!

பதில் வந்தது. ‘பயன்படுத்துவதற்கு நன்றி. நான் ஒரே ஒரு ரெஜிஸ்ட்ரியில்தான் வெளியிடுகிறேன். இன்னொன்றைப் பராமரிக்க எனக்கு நேரமில்லை.’ அவ்வளவுதான். கோரிக்கையை மூடிவிட்டார்.

‘என்னடா இது, இவ்வளவு திமிரா?’ என்றான் ஒருவன். ‘ஃப்ரீயாத்தானே குடுக்கிறாரு, அதை ரெண்டு இடத்துல வெச்சா என்ன கொறஞ்சா போயிருவாரு?’ என்றான் இன்னொருவன். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

இந்த ‘அஞ்சு நிமிட வேலை’யைப் பற்றி எங்கள் அப்பிச்சியிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே புத்தி வந்திருக்கும். சென்னிமலைக்காரர்களுக்குத் தறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவர்களும் இருக்கிறீர்களே! குழித்தறியில் 60க்கு 90 பெட்ஷீட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வியாபாரி வந்து, ‘பத்தே பத்து உருப்படி மட்டும் வேற ரகத்துல போட்டுக் குடுங்க, உங்களுக்கென்ன, தறி அதே தறிதானே?’ என்பார். அப்பிச்சி சிரிப்பார். ‘நெய்யறதுக்கு ரெண்டு நாளு போதுமுங்க. ஆனா அச்ச மாத்தோணும், விழுது புதுசாக் கட்டோணும், பாவு ஓடி அதப் பிணைக்கோணும். உங்க பத்து உருப்படி முடிஞ்சதும் இதெல்லாம் பழையபடி மாத்தோணும். அந்த நாளுக்கெல்லாம் கூலி ஆரு குடுக்கறதுங்க?’

இங்கே ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அப்பிச்சிக்காவது நெய்த உருப்படிக்குக் கூலி உண்டு. நாங்கள் திட்டிய அந்த மனிதருக்கு அதுவும் கிடையாது.

இரண்டாவது ரெஜிஸ்ட்ரி என்றால் என்னென்ன வேலை என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். அங்கே தனிக் கணக்கு தொடங்க வேண்டும். பெயர் பிடிக்க வேண்டும். அதுவும் என்பிஎம்மில் இருக்கும் அதே பெயர் அப்படியே கிடைக்காது, ஜேஎஸ்ஆரில் எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரு குழுப்பெயர் கட்டாயம். விவரக் கோப்பு ஒன்று தனியாக எழுத வேண்டும். பழைய முறையில் எழுதிய மாட்யூல்களை ஜேஎஸ்ஆர் வாங்காது, புது முறைக்கு மாற்ற வேண்டும். டைப்ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால், வெளியே தெரியும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் வகையை வெளிப்படையாக எழுதச் சொல்லும். இதெல்லாம் ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை என்று வையுங்கள்.

முடியாத வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒவ்வொரு புதுப் பதிப்பையும் ரெண்டு இடத்துக்கும் அனுப்ப வேண்டும். ஒன்றில் ஏறி மற்றொன்றில் ஏறாமல் போனால், ‘அங்கே 2.3 இருக்கு, இங்கே 2.2தான் இருக்கு’ என்று புகார் வரும். அங்கே மட்டும் வருகிற கோளாறு ஒன்று இருக்கும், அதை அவர் பயன்படுத்தாத சூழலில் உட்கார்ந்து அவரே தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கணக்கின் சாவியைக் காவல் காக்க வேண்டும்.

இந்தச் சாவி விஷயம் விளையாட்டல்ல. 2025 செப்டம்பரில் என்ன நடந்தது? என்பிஎம்மில் பிரபலமான பேக்கேஜ்களை வைத்திருந்த ஒருவருக்கு, என்பிஎம்மே அனுப்பியது போல ஒரு போலி மெயில் வந்தது. ‘உங்கள் இரட்டைப் பாதுகாப்பைப் புதுப்பியுங்கள்’ என்று. நம்பி அவர் விவரத்தைக் கொடுத்துவிட்டார். சாக், டீபக் உட்பட 18 பேக்கேஜ்களில் திருட்டு நிரலை ஏற்றிவிட்டார்கள். அந்தப் பதினெட்டும் சேர்ந்து வாரத்துக்கு இருநூறு கோடி தடவைக்கு மேல் இறக்கப்படுபவை! சில மணி நேரத்தில் கண்டுபிடித்து எடுத்தார்கள், பெரிய சேதமில்லை. ஒரு சாவிக்கே இந்தப் பாடு. அப்படிப்பட்டவரிடம் போய், ‘இன்னொரு பூட்டுக்கும் சாவி வைத்துக்கொள்ளுங்கள், அஞ்சு நிமிட வேலைதான்’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

வற்புறுத்தலின் விளைவுக்கு இதைவிடக் கசப்பான உதாரணமும் உண்டு. கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருள் உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் இருக்கிறது. அதைப் பல வருஷம் ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் லாசே காலின். 2022-ல், ‘வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடுங்கள்’ என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். மனநலக் குறைவால் அவதிப்படுவதாகவும், இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்றும் அவர் பதில் எழுதினார். நெருக்கல் நிற்கவில்லை. உதவிக்கு வந்தது போல ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உள்ளே வந்தார், நம்பிக்கை பெற்றார், பொறுப்பும் பெற்றார். கடைசியில் அவரே அதில் பின்வாசல் வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணிப்பொறியில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்ததால் 2024 மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது. அந்த அரை விநாடியை அவர் சட்டை செய்யாமல் விட்டிருந்தால்…

அதற்காக, எங்கள் கடிதத்தை அந்தச் சதியோடு ஒப்பிடவில்லை. நாங்கள் அப்பாவிகள்தான். ஆனால் வாங்குகிறவருக்கு ஒவ்வொரு கடிதமும் ஒரு சுமைதான். அப்பாவி எழுதியதா, அடப்பாவி எழுதியதா என்று உறையில் எழுதியிருக்காதே!

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். ‘இன்னொன்றையும் சேர்த்துக்கொள்’ என்ற இதே கோரிக்கை தமிழுக்காகவும் எழுந்தது. அது அரசாணையாக வந்தது இங்கிருந்து ரெண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் நடந்த மாநாட்டை ஒட்டித்தான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தொண்ணூறுகளில் தமிழைக் கம்ப்யூட்டரில் அடிப்பது பெரும் திண்டாட்டம். ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துக்களுக்கு ஒவ்வொரு எண் கொடுத்து வைத்திருந்தது. இவர் அடித்ததை அவர் திறந்தால் கோழி கிளறியது போல இருக்கும். இணையத்தில் பத்திரிகை படிக்க, பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு இறக்க வேண்டும். இதைச் சரிசெய்யத் தமிழார்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடிப் பேசி ‘திஸ்கி’யை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அந்த ஆண்டே தமிழக அரசு ‘டாப்’, ‘டாம்’ என்ற இரண்டு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. இதற்கிடையில் உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு வளர்ந்துகொண்டிருந்தது. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

யூனிகோட்டில் தமிழர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘கோவை’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு ரெண்டு எழுத்து. யூனிகோடு உள்ளே நாலு குறிகளாக வைத்துக்கொள்ளும்: ககரம், ஓகாரக் குறி, வகரம், ஐகாரக் குறி. ‘ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் கொடு’ என்று நம் அறிஞர்கள் கேட்டார்கள். இலக்கணப்படி நியாயமான கேள்வி. யூனிகோடு அமைப்பு மறுத்தது. ஒரு தடவை கொடுத்த குறியை மாற்றுவதில்லை, ஒரே எழுத்தை ரெண்டு விதமாக வைப்பதுமில்லை என்பது அவர்கள் பிடிவாதம்.

அப்போதுதான் ‘டேஸ் 16’ வந்தது. தமிழின் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவில் தனித்தனி இடம் கொடுக்கும் 16 பிட் குறியாக்கம். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அதையொட்டி வந்த அரசாணை, யூனிகோட்டைத் தரமாகவும் டேஸ் 16-ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றது. கவனியுங்கள்: ஒன்றல்ல, ரெண்டு!

டேஸ் 16 அமர்ந்த இடம், ‘யாரும் தங்கள் சொந்தப் பயனுக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்று யூனிகோடு பொதுவாக விட்டிருக்கும் புறம்போக்கு. அங்கே இதே எண்ணில் இன்னொருவர் வேறு சின்னத்தை வைத்திருக்கலாம். ஆகவே அதைக் காட்ட வேண்டுமானால் உலாவி, தேடுபொறி, செல்போன், தரவுத்தளம், அகரவரிசைப்படுத்தும் நிரல் என்று ஒவ்வொன்றையும் பராமரிப்பவர் தமிழுக்கு மட்டும் ரெண்டாவது பாதை ஒன்றை வெட்ட வேண்டும். ஒரே மொழிக்கு ரெண்டு பாதை, ரெண்டையும் சோதிக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற வழியையும் காக்க வேண்டும். இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் தமிழ் ஓடுவது யூனிகோட்டில்தான். நீங்கள் அம்மாவுக்கு அனுப்புகிற மெசேஜ் யூனிகோட்டில்தான் போகிறது.

எனக்கு டேஸ் 16-ஐ வடிவமைத்தவர்கள் மேல் மரியாதை உண்டு. அச்சுத் தொழிலுக்கும் மொழி ஆய்வுக்கும் அது வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசதி ஒரு பக்கம், சுமை வேறொரு பக்கம் என்று பிரிந்துவிட்டால் எந்தத் தரமும் ஓடாது. வசதி யாருக்கோ அவர்தான் சுமையைத் தூக்க வேண்டும்.

தமிழில் அப்படித் தூக்கியவர்களும் உண்டு! பழைய குறியாக்கங்களில் கிடந்த லட்சக்கணக்கான பக்கங்கள் எப்படி இன்று படிக்கக் கிடைக்கின்றன? உலாவி எழுதுகிறவர்களிடம் போய் ‘இருபது குறியாக்கத்தையும் சேர்’ என்று யாரும் நிற்கவில்லை. சுரதா ‘பொங்குதமிழ்’ மாற்றியை எழுதினார். நியூ ஹொரைசன் மீடியா ‘என்எச்எம் கன்வெர்ட்டர்’ கொடுத்தது. பைதானில் ‘ஓப்பன் தமிழ்’ என்ற தொகுப்பில் பழைய குறியாக்கங்களை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. தேவைப்பட்டவர்கள் எல்லையில் நின்று ஒரு மாற்றியைக் கட்டினார்கள். உள்ளே இருப்பவரைத் தொந்தரவு செய்யவில்லை. இந்த வேலைக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள் அதிகமில்லை என்பது வேறு விஷயம்.

‘ஒரு மூலையில் சேர்த்து வைத்தால் என்ன, சும்மா கிடக்கப்போகிறது’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. லினக்ஸின் அடித்தளமான குனூ சி நூலகத்தில் எழுத்துக் குறியாக்கங்களை மாற்றும் பகுதி ஒன்று உண்டு. நம் திஸ்கியும் அதில் இருக்கிறது. அதே பகுதியில், சீன எழுத்துக்கான, அபூர்வமாகவே பயன்படும் குறியாக்கம் ஒன்று 2000-ஆம் ஆண்டு முதல் சும்மா கிடந்தது. 2024 ஏப்ரலில் அதில் ஒரு ஓட்டை இருப்பது வெளிவந்தது. ஒன்று முதல் மூன்று பைட் வரை எல்லை தாண்டி எழுதிவிடும் பிழை. அதை வைத்து, பிஎச்பி மொழியில் ஓடும் இணையதளங்களுக்குள் புகுந்துவிட முடியும் என்று கண்டுபிடித்தவரே செய்து காட்டினார். 24 வருஷம் மூலையில் கிடந்த சாமானுக்குள் பாம்பு!

ரெஜிஸ்ட்ரியிலும் இந்தக் கதை உண்டு. 2012-ல் ட்விட்டர் நிறுவனத்திலிருந்து ‘பவர்’ என்ற பேக்கேஜ் ஏற்பாடு வந்தது. ‘என்பிஎம் போதாது, பவரிலும் போடுங்கள்’ என்று ஊரெல்லாம் கேட்டார்கள். நிறையப் பேர் போட்டார்கள். 2017-ல் பவர்காரர்களே, ‘புதிதாக ஆரம்பிப்பவர்கள் வேறு கருவிக்குப் போங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ‘முடியாது’ என்றவர்களைத் திட்டியவர்களில் எத்தனை பேர் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்?

என் நண்பன் ஒருவன் இந்தக் கட்டுரையின் முதல் படியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தான். ‘மாப்ள, அப்ப ஒரே கடையே போதுமா? என்பிஎம் யாரோடதுன்னு தெரியுமில்ல?’ என்றான். தெரியும். 2020-ல் அதைக் கிட்ஹப் வாங்கியது. கிட்ஹப் 2018-லேயே மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்விட்டது. உலகத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மொத்தமும் ஒரு முதலாளியின் குடோனில் கிடப்பது நல்லதா என்பது சரியான கேள்விதான். 2016 மார்ச்சில் நடந்ததையும் அவன் சொன்னான். அஸர் கோச்சுலு என்பவரின் பேக்கேஜ் பெயருக்கு ஒரு நிறுவனம் உரிமை கோரியது, என்பிஎம் அந்தப் பெயரை எடுத்து நிறுவனத்துக்குக் கொடுத்தது. கோபத்தில் அவர் தன்னுடைய 273 பேக்கேஜ்களையும் இறக்கிவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்பேட், வெறும் 11 வரி. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் அந்த நிமிடமே நின்றுபோயின. என்பிஎம் அந்த 11 வரியைத் தானே திரும்ப ஏற்றியது. பெயரை எடுத்தவர்களும் அவர்களே, சரக்கைத் திருப்பி வைத்தவர்களும் அவர்களே.

ஆகவே இரண்டாவது கடை வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. அந்தக் கடைக்குச் சரக்கு யார் சுமப்பது என்பதில்தான் சண்டை. நண்பனும் இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கி வந்தான், முழுசாக இல்லை.

இதற்கு உலகத்தில் நல்ல வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 1993-ல் தொடங்கிய டெபியன் லினக்ஸைப் பாருங்கள். அதில் மென்பொருளை எழுதியவர் வேறு, அதை டெபியனுக்கு ஏற்ற பொதியாகக் கட்டுகிறவர் வேறு. எழுதியவருக்கு டெபியன் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். பைதான் உலகில் கோண்டா ஃபோர்ஜ் என்ற தொண்டர் கூட்டம், பைபிஐயில் இருப்பவற்றை எடுத்துத் தங்கள் குடோனுக்குத் தாங்களே கட்டுகிறது. நம் சென்னை சிடாக் என்ன செய்தது? டெபியனை எடுத்து இந்திய மொழிகளைச் சேர்த்து ‘பாஸ்’ லினக்ஸ் என்று வெளியிட்டது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. (அதை அழித்துவிட்டு விண்டோஸுக்கு இடம் பண்ணியவர்கள் நம் வீட்டு அக்கா அண்ணன்கள்தான்!) பாஸுக்குத் தனிக் குடோன் வேண்டும் என்று சிடாக் முடிவு செய்தது, அந்தக் குடோனைச் சிடாக்கே பார்த்துக்கொண்டது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருக்கிற ஆசிரியர்களுக்கு ‘எங்களுக்கும் ஒரு கட்டு அனுப்பு’ என்று எழுதவில்லை.

உரிமம்தான் இதன் வேர். எடுக்கலாம், திருத்தலாம், மறுபடி விநியோகிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் அவர். அவர் ‘முடியாது’ என்றால் ‘கூடாது’ என்று அர்த்தமில்லை. ‘நான் செய்யமாட்டேன், நீ செய்’ என்றுதான் அர்த்தம். நாங்கள் அந்த மூன்று வரியில் பூட்டிய கதவைப் பார்த்தோம். கதவு திறந்தேதான் கிடந்தது, எங்களைத் தூக்கி உள்ளே விட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வெட்கக்கேட்டை இனியும் தள்ளிப்போட முடியாது. ஒரு வாரம் திட்டி முடித்த பிறகு, டெனோவின் கையேட்டை எங்களில் ஒருவன் ஒழுங்காகப் படித்தான். 2022 நவம்பரிலிருந்தே டெனோ என்பிஎம் பேக்கேஜ்களை நேரடியாக எடுத்துக்கொள்கிறதாம்! பேக்கேஜ் பெயருக்கு முன்னால் என்பிஎம் என்ற மூன்றெழுத்தையும் ஒரு முக்காற்புள்ளியையும் போட்டால் போதும். ஜேஎஸ்ஆரிலும் அப்படித்தான்; அங்கே இருப்பதை என்பிஎம் கருவிகளால் இழுத்துக்கொள்ள அவர்களே பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். மாற்றி எல்லையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. நாங்கள்தான் அந்தப் பக்கம் போகாமல் கடலுக்கு அப்பால் இருப்பவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். நாலு எழுத்து அடிக்க ஆன நேரம், அஞ்சு நிமிடம்கூட இல்லை.

இதில் பேரவைக்கும் ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். நம் லேபில் ஒரு பேட்ச் முழுவதும் ஒரே நேரத்தில் அதே பேக்கேஜை ஆளுக்கொரு தடவை இறக்குகிறோம். நெட் திணறுகிறது, ‘என்பிஎம் சரியில்லை’ என்று திட்டுகிறோம். வெர்டாச்சியோ என்ற இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நிறுவினால், ஒரு தடவை இறங்கியதை அது வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும். இன்னொரு ரெஜிஸ்ட்ரி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்த ஒன்றை ஒரு வருஷம் நடத்திப் பார்க்கலாம். டிஸ்க் நிரம்பும், கரண்ட் போகும், யாரோ பாஸ்வேர்டை மறப்பார்கள், லீவு நாளில் ஜூனியர் போன் பண்ணுவான். கணிப்பொறித் துறை ஸ்டோரில் மூடி வைத்திருக்கும் மெஷின்களில் ஒன்றைக் கேட்டு வாங்கித் தந்தால், முதல் ஆறு மாதம் பார்த்துக்கொள்ள எங்கள் குழு தயார். அதற்கப்புறம் நாங்கள் பாஸாகிப் போய்விடுவோம், ரெண்டாம் ஆண்டுத் தம்பிகள் இப்போதே பெயர் கொடுக்க வேண்டும்.

பணமும் ஒரு வழிதான். பெங்களூரு ஜெரோதா நிறுவனம் 2024-ல், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஓப்பன் சோர்ஸ் பணிகளுக்குக் கொடுப்பதாக நிதி ஒன்று தொடங்கியது. ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கே கைமாற்று வாங்கும் நம்மிடம் டாலர் இல்லை. கை இருக்கிறது.

எங்கள் குழுவும் கடைசியில் கையைத்தான் கொடுத்தது. அந்தப் பேக்கேஜின் விளக்கக் குறிப்பில், ‘டெனோவில் பயன்படுத்துவது எப்படி’ என்று ரெண்டு வரியும் ஒரு உதாரணமும் எழுதி, ரெண்டு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, அவருக்கு அனுப்பினோம். இந்தத் தடவை அஞ்சு நிமிடம் என்ற பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சேர்த்துக்கொண்டார். ‘நன்றி, இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அப்படியானால் எங்களைப் போலவே எத்தனை பேர் அவருக்கு எழுதியிருக்கிறார்கள், எத்தனை தடவை அவர் அந்த மூன்று வரியை அடித்திருக்கிறார்!

அனுப்பியவர்கள் பட்டியலில் எங்கள் நாலு பேர் பெயரும் இருக்கிறது. எங்களில் ஒருவன் அவசரத்தில் தன் பெயரைத் தானே தப்பாக அடித்து அனுப்பிவிட்டான். திருத்தச் சொல்லி அவருக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டோம்.